ராத்திரிக்கு என்ன?

கேள்வி: அக்கா, எனக்குத் தரமணியில் வேலை, பெருங்களத்தூரில் வீடு. வீட்டுக்குள் கால் வைக்கும்போதே மணி ஏழே முக்கால். மாமியாருக்குச் சர்க்கரை, அதனால் சப்பாத்தி. பெரியவனுக்குத் தோசைதான் இறங்கும், சின்னவளுக்குப் பருப்புச் சாதம், கணவருக்குக் குழம்பு ஊற்றிச் சோறு. எல்லாம் முடித்து நான் தட்டை எடுக்கும்போது பத்தாகிவிடுகிறது. வாரத்தில் இரண்டு நாள் முடியாமல் வெளியில் ஆர்டர் போட்டால், மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார். சீக்கிரம் சமைக்க ஏதாவது வழி சொல்லுங்கள்.

பதில்: நாலு பேருக்கு நாலு சமையல். ஹோட்டலில் இதற்கு மாஸ்டர் தனி, சப்பாத்தி போட ஆள் தனி. நீங்கள் மெதுவாகச் சமைக்கவில்லை, அதிகமாகச் சமைக்கிறீர்கள். ராத்திரிக்கு ஒரே சாப்பாடு என்று இந்தத் திங்கட்கிழமையே சொல்லிவிடுங்கள். முதல் வாரம் முனகுவார்கள், முனகட்டும். மாமியாருக்கும் அதையே கொடுக்கலாம். சப்பாத்தியிலும் மாவுச்சத்துதான் இருக்கிறது, சோற்றைக் குறைத்துக் காயைக் கூட்டி வைத்தால் போதுமா என்று அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

என் கை முதலில் போவது எங்கள் கோயம்புத்தூர்ப் பக்கத்து அரிசிம்பருப்பு சாதத்துக்குத்தான். ஒரு தம்ளர் அரிசி, கால் தம்ளர் துவரம்பருப்பு, இரண்டையும் கழுவி ஊறப் போட்டுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வாருங்கள். குக்கரிலேயே கடுகு, சீரகம், வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, ஒரு கை சின்ன வெங்காயம், நாலு பல் பூண்டு, ஒரு தக்காளி வதக்கி, மஞ்சள்தூளும் கொஞ்சம் சாம்பார்பொடியும் போட்டு, மூன்று தம்ளர் தண்ணீர் ஊற்றி, உப்புப் போட்டு மூன்று விசில். ஐந்து பேருக்கு அளவை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். மேலே நெய், பக்கத்தில் தயிரும் அப்பளமும், ஒரு பொரியல். சின்னவளுக்குக் காரத்தைக் குறைத்தால் இதுவே அவளுடைய பருப்புச் சாதம்தான்!

ஞாயிற்றுக்கிழமை வாரம் முழுவதற்கும் சமைத்து டப்பா டப்பாவாக அடுக்கச் சிலர் சொல்வார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, இருக்கிற ஒரு லீவும் அடுப்படியிலேயே போய்விடும். சின்ன வெங்காயம், பூண்டு உரித்து ஃப்ரிட்ஜில் வையுங்கள், நேரத்தைத் தின்பது அந்தத் தோல்தான். ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல் இருந்தால், ரொம்பவும் முடியாத நாளில் சோறு மட்டும் வைத்தால் போதும். காலையில் கிளம்பும்போது கொண்டைக்கடலையை ஊறப் போட்டால் ராத்திரி சுண்டலோ குழம்போ ஆயிற்று.

அப்புறம் ஒன்று. இவ்வளவு எழுதிய நீங்கள், கணவர் எத்தனை மணிக்கு வருகிறார் என்று எழுதவே இல்லை. மத்திய அரசு 2019-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், தங்கள் வீட்டு வேலையைச் செய்யும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் 299 நிமிடம் செலவிடுகிறார்கள், செய்கிற ஆண்களே 97 நிமிடம்தான் என்று வந்தது. அவர் உங்களுக்கு முன்னால் வந்துவிடுகிறவர் என்றால் அரிசியைக் கழுவிக் குக்கர் வைப்பது அவர் வேலை. அளவை ஒரு சீட்டில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டுங்கள். முதல் நாள் குழைந்து போனாலும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுங்கள், சொன்னால் மறுநாள் அடுப்பு உங்களிடமே திரும்பி வந்துவிடும். பெரியவன் பள்ளிக்கூடம் போகிற வயது என்றால் தட்டு எடுத்து வைக்கவும் தண்ணீர் பிடிக்கவும் அவனால் முடியும்.

கேள்வி: வார நாட்களுக்கு மாவை நம்பித்தான் இருக்கிறோம். ஞாயிறு அரைத்தால் புதனுக்குள் புளித்துவிடுகிறதே? (திருச்சி வாசகர்)

பதில்: அரைத்ததை மொத்தமாகப் பொங்க வைத்தால் அப்படித்தான். இரண்டு நாளைக்கு வேண்டியதை மட்டும் வெளியே வைத்துவிட்டு, மீதியை அரைத்த கையோடு ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். தேவைப்படுகிற நாளுக்கு முந்தின ராத்திரி வெளியே எடுத்து வைத்தால் காலையில் பொங்கியிருக்கும். புளித்ததைக் கொட்டாதீர்கள், வெங்காயமும் பச்சைமிளகாயும் வதக்கிப் போட்டுக் குழிப்பணியாரம் சுடுங்கள், அதற்குக் கொஞ்சம் புளித்த மாவுதான் நன்றாக வரும்.