கேசட் மேல பாசம், சிடி மேல நம்பிக்கை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எல்பி இசைத்தட்டு, கேசட், சிடி, மினிடிஸ்க்னு எல்லாத்தையும் வாங்கிக் கேட்டவர் நீங்க. இதுல ஒண்ணே ஒண்ணைத்தான் வச்சுக்கலாம்னா எதை எடுப்பீங்க சார்?

பதில்: சிடிதான். ஆசையா வளர்ந்தது கேசட்டோட, ஆனா நம்பி வச்சுக்கிறது சிடியை, இந்த ரெண்டும் வேற வேறன்னு எனக்குப் புரியவே ரொம்ப வருஷம் ஆச்சு. எல்பியில ஊசி பள்ளத்தை உரசிக்கிட்டே போகும், கேசட்ல டேப்பைப் படிக்கிற ஹெட்டு அதை உரசும், அப்படிப் பார்த்தா நமக்கு ரொம்பப் பிடிச்ச பாட்டைத்தான் நாம ரொம்பத் தேய்க்கிறோம், அது எனக்கு எப்பவுமே உறுத்தும். சிடி மேல படுறது லேசர் வெளிச்சம் மட்டும்தான், ஆயிரம் தடவை கேட்டாலும் தட்டு தேயாது. சத்தத்தை செகண்டுக்கு 44,100 தடவை அளந்து (அதுதான் சாம்பிள்), ஒவ்வொரு அளவையும் 16 பிட் எண்ணா எழுதுறது, 1982ல விற்பனைக்கு வந்தப்ப இருந்த அதே கணக்குதான் இன்னிக்கும், என் காதுக்கு அது தாராளமா போதும். சின்னக் கீறலுக்கெல்லாம் பயப்படாதீங்க, தகவலை ஒரே இடத்துல குவிக்காம பிரிச்சுப் பிரிச்சு, கூடவே சரிபார்க்கிற கணக்கையும் சேர்த்து எழுதியிருப்பாங்க, விட்டுப்போனதை பிளேயரே கணக்குப் போட்டு நிரப்பிடும். எல்லாரும் பளபளன்னு இருக்கிற அடிப்பக்கத்தையே பொத்திப் பொத்தி வச்சுக்குவாங்க, ஆனா பேர் அச்சடிச்ச மேல்பக்கம்தான் ஆபத்தான பக்கம், அலுமினியப் படலம் மெல்லிசான பூச்சுக்கு அடியில அங்கதான் இருக்கு, அதுல ஆழமா கீறல் விழுந்தா திரும்ப வராது.

கேள்வி: அப்போ கேசட்டை விட்டுக் கொடுத்துட்டீங்களா? கேசட் பத்தி நீங்க எழுதும்போதெல்லாம் வேற ஒரு ஆளா மாறிடுறீங்களே!

பதில்: விட்டுக் கொடுக்கவே இல்ல. நான் பாட்டு கேட்கக் கத்துக்கிட்டதே அதுலதான். பிலிப்ஸ் 1963ல அதைக் கொண்டு வந்தப்ப பாட்டுக்காக யோசிச்சதை விட பேச்சைப் பதிவு பண்ணத்தான் அதிகமா யோசிச்சாங்க. டேப்போட அகலம் 4 மில்லிமீட்டர் கூடக் கிடையாது, அதுக்குள்ள ஸ்டீரியோவுக்கு நாலு டிராக், அதாவது பக்கத்துக்கு ரெண்டு பதிவுப் பாதை, ஓடுற வேகம் செகண்டுக்கு 4.76 சென்டிமீட்டர், அதனாலதான் பின்னாடி அந்த 'உஸ்ஸ்' சத்தம். அது எனக்குக் குறையாவே படல, பாட்டு வரப்போகுதுங்கிற அறிவிப்பு மாதிரி இருக்கும்.

சி-90ங்கிற 90 நிமிஷ கேசட் ஒண்ணு கையில கிடைச்சா ஒரு பக்கத்துக்கு 45 நிமிஷம், அதுக்குள்ள எந்தெந்தப் பாட்டு, எதுக்கு அப்புறம் எதுன்னு ஒரு நாள் பூரா பேப்பர்ல கூட்டிக் கழிச்சு எழுதுவேன், கடைசிப் பாட்டு பாதியில வெட்டுப்படக் கூடாது, அதே சமயம் நாலு நிமிஷம் வெத்தா ஓடவும் கூடாது. ஆரம்பத்துல வர்ற அந்த வெள்ளைத் துண்டுல பதிவாகாது, அதனால பென்சிலை விட்டுச் சுத்தி பழுப்பு நிறம் தெரிஞ்சதும்தான் ரெக்கார்ட் பட்டனை அமுக்கணும். அப்படி நான் போட்ட வரிசை இன்னும் மனசுல நிக்குது, எங்கயாவது அந்தப் பாட்டு முடிஞ்சா அடுத்து என் கேசட்ல இருந்த பாட்டோட முதல் சுரம் எனக்குள்ள தானா ஆரம்பிச்சிடும். ஒரு தடவை நிறைய நேரம் கிடைக்குதேன்னு சி-120 வாங்கினேன், அதுல டேப் ரொம்ப மெல்லிசு, பிளேயர் ரோலர்ல சுத்திக்கிட்டு கசங்கிப் போச்சு. உள்ள இருந்தது ரேடியோவுல இருந்து பிடிச்ச ஒரு கச்சேரி, வேற எங்கயும் கிடைக்காது. அந்த வருத்தம் இன்னும் போகல.

கேள்வி: என் பொண்ணு இப்போ எல்பி வாங்க ஆரம்பிச்சிருக்கா. சிடியை விட சத்தம் நல்லா இருக்குன்னு சொல்றா. உண்மையா?

பதில்: அவங்க காதுல கேட்கிறது பொய்யில்ல, ஆனா காரணம் தட்டுல இல்ல. 90கள்ல இருந்து நிறைய சிடிக்கு மாஸ்டரிங் (தட்டு அடிக்கிறதுக்கு முன்னாடி சத்தத்தைக் கடைசியா சரிபண்ற வேலை) பண்ணும்போது சத்தத்தை ஏத்தணும்னே மெல்லிசான இடத்தையும் பலமான இடத்தையும் ஒரே உயரத்துக்கு நசுக்கிட்டாங்க. அதே ஆல்பம் எல்பியில வேற மாதிரி மாஸ்டர் ஆகியிருந்தா மூச்சு விட இடம் இருக்கும், அதைத்தான் உங்க பொண்ணு கேட்கிறாங்க. எல்பிக்குன்னே ஒரு குறை உண்டு. நிமிஷத்துக்கு 33⅓ சுத்து வேகத்துல தட்டு ஒரே சீரா சுத்தினாலும், வெளி ஓரத்துல ஊசிக்கு அடியில செகண்டுக்கு சுமார் 50 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுது, லேபிளுக்குப் பக்கத்துல சுமார் 20தான், அதே பாட்டுக்கு அங்க இடம் சுருங்கிப் போச்சு, அதனாலதான் கடைசிப் பாட்டுல 'ஸ', 'ச' எல்லாம் கரகரன்னு வருது. வாங்கட்டும், சந்தோஷமா கேட்கட்டும், அந்த 12 இஞ்ச் அட்டைக்காகவே வாங்கலாம்னு நினைக்கிறவன் நான். ஒண்ணு மேல ஒண்ணா அடுக்காம நிமிர்த்தி வைக்கச் சொல்லுங்க.

கேள்வி: மினிடிஸ்க் பத்தி ஏன் யாரும் பேசறதில்ல?

பதில்: நான் பேசுவேன்! சோனி 1992ல விட்டது, பிளாஸ்டிக் கூட்டுக்குள்ள இருக்கிற சின்ன டிஸ்க், உள்ளங்கைக்குள்ள அடங்கும், பதிவு பண்ணின பாட்டை இடம் மாத்தலாம், வெட்டலாம், பேர் எழுதலாம், கேசட்ல நான் பேப்பர்ல போட்ட கணக்கெல்லாம் அதுல பட்டன்ல முடிஞ்சுது. பிளேயர் தயாரிப்பை 2013லயும் வெத்து டிஸ்க் தயாரிப்பை 2025லயும் சோனி நிறுத்திடுச்சு. வச்சிருக்கிறவங்க மெஷின் ஓடும்போதே காப்பி எடுத்துடுங்க.

கேள்வி: அலமாரியில அப்பாவோட கேசட் ஒரு பெட்டி இருக்கு. ஒண்ணுல எங்க பாட்டி பாடினது இருக்காம். போட்டுக் கேட்கலாமா?

பதில்: கேட்கலாம், ஆனா அவசரப்படாதீங்க. முதல்ல பிளேயரைப் பாருங்க, உள்ள இருக்கிற ரப்பர் பெல்ட் பழசானா இளகிடும், ஹெட்டையும் ரோலரையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால துடைங்க, வேற ஏதாவது கேசட்டை அரை மணி நேரம் ஓட விட்டுப் பாருங்க. அப்புறம் பாட்டி கேசட்டை எடுத்து, டேப்புக்குப் பின்னாடி இருக்கிற சின்ன பஞ்சு மெத்தை கழண்டிருக்கான்னு கவனிங்க, கழண்டிருந்தா ஓட விடாம தெரிஞ்சவங்ககிட்ட வேற கூட்டுக்கு மாத்திக்கோங்க. சரியா இருந்தா முழுசா முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை சுத்தி விடுங்க, பல வருஷம் ஒரே மாதிரி இருந்த டேப் ஒட்டியிருக்கலாம். முதல் தடவை ஓடும்போதே கம்ப்யூட்டர்ல பதிவு பண்ணிடுங்க, ரெண்டாவது தடவை ஓடும்னு சொல்ல முடியாது. கடையில வாங்கின ஆல்பம் எல்லாம் அப்புறம், அது வேற எங்கயாவது கிடைக்கும். இதுக்கெல்லாம் முன்னாடி கேசட்டோட மேல் விளிம்புல ரெண்டு மூலையிலயும் சின்ன பிளாஸ்டிக் தாழ்ப்பாள் இருக்கான்னு பாருங்க. இருந்தா இன்னிக்கே ரெண்டையும் உடைச்சிடுங்க, அதுக்கப்புறம் தப்பா ரெக்கார்ட் பட்டனை அமுக்கினாலும் பாட்டி குரல் அழியாது.