முள், சேலை, ஊக்கு

அன்புள்ள அம்மா,

வணக்கம். பாலியல் குற்றம் நடந்ததும் பெண்ணின் உடையை விசாரிப்பதைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். எனக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் வேலைக்குப் போகிறாள், சின்னவள் கல்லூரியில் படிக்கிறாள். இருவரும் வீடு திரும்பும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிற தகப்பனாக எழுதுகிறேன்.

குற்றம் செய்தவனுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. தூக்கில் போடட்டும். ஆனால் வீட்டைத் திறந்து போட்டுவிட்டுத் திருடனைத் திட்டி என்ன பிரயோஜனம்? அடக்கம் பெண்ணுக்குப் பூட்டு மாதிரி. பெரியவர்கள் காரணமில்லாமல் சொல்லவில்லை.

இன்னொன்று, நீங்களெல்லாம் எழுதப் பயப்படுகிற விஷயம். கைதாகிறவர்களின் பெயர்களைப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே மதத்துக்காரர்கள். அவர்கள் தங்கள் பெண்களை மூடி வைப்பதே தங்கள் ஆண்களைப் பற்றி அவர்களுக்குத் தெரியும் என்பதால்தான். நம் பெண்கள் என்றால் அவர்களுக்கு இளக்காரம். இதை எழுத உங்களுக்குத் தைரியம் உண்டா?

தவறாக எழுதியிருந்தால் மன்னிக்கவும்.

இப்படிக்கு,
ஒரு தகப்பன்

* * *

அன்புள்ள ஐயா,

உங்கள் பெயரை எடுத்துவிட்டேன். நீங்கள் எழுதியிருந்த மதத்தின் பெயரையும் எடுத்துவிட்டேன், பயந்து அல்ல. இதே கடிதம் மதம் மட்டும் இடம் மாறி எனக்கு முன்பே வந்திருக்கிறது. ‘எங்கள் பெண்கள் மூடிக்கொண்டு போகிறார்கள், அதனால் அவர்களுக்கு எதுவும் நடப்பதில்லை. நீங்கள்தான் உங்கள் பெண்களை அவிழ்த்துவிட்டிருக்கிறீர்கள்’ என்று அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். உங்கள் இருவரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்தால் பொழுது போவதே தெரியாமல் பேசிக்கொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அதன் முதல் பாதியும் இரண்டாம் பாதியும் ஒன்றோடொன்று சண்டை போடுகின்றன. சேலை முள்ளின் மேல் பட்டாலும் முள் சேலையின் மேல் பட்டாலும் கிழிவது சேலைதான் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். உங்கள் முதல் பாதி அதுதான். அந்தப் பழமொழியில் முள்ளிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. முள் என்றால் குத்தும், அவ்வளவுதான். அதாவது ஆண் என்றாலே அப்படித்தான், நீங்களும் உட்பட. இரண்டாம் பாதிக்கு வந்ததும் முள் எல்லாம் அடுத்த மதத்து வேலிக்குப் போய்விடுகிறது. நம் வேலியில் வெறும் பூ. உடைதான் காரணம் என்றால் தொட்டவனின் மதம் எதற்கு? மதம்தான் காரணம் என்றால் பெண்ணின் உடை எதற்கு? இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல முடிகிறதென்றால், இரண்டுக்கும் பொதுவாக ஒன்று இருக்க வேண்டும். இரண்டிலுமே நமக்குத் தெரிந்த, நம் வீட்டுக்கு வந்து போகிற ஆண் வருவதில்லை.

ஆனால் கணக்கில் அவன்தான் வருகிறான். தேசிய குற்ற ஆவணக் காப்பகம் 2022-ல் நாடு முழுக்கப் பதிவான பாலியல் வல்லுறவு வழக்குகள் 31,516 என்கிறது. ஆண்டுக்கு ஆண்டு அதன் அறிக்கையில் மாறாத ஒரு விஷயம் உண்டு. பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்கு முன்பே தெரிந்தவர். உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், முதலாளி, நண்பர். திருமணம் செய்துகொள்வதாகச் சொல்லி ஏமாற்றியதாகப் பதிவான வழக்குகளும் இதில் சேர்த்தி, அதையும் சொல்லிவிடுகிறேன். அதைக் கழித்தாலும் இருட்டுச் சந்தில் காத்திருக்கும் அந்நியன் சின்னப் பங்குதான். பூட்டுப் போட்டீர்கள் சரி, ஆள் உள்ளேயே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தால்?

அப்புறம், பெயர்கள். பெயர்கள் நம் கண்ணில் எப்படிப் படுகின்றன என்பதற்கு ஒரே ஒரு உதாரணம். 2019 நவம்பரில் ஹைதராபாத் அருகே ஒரு பெண் கால்நடை மருத்துவர் வல்லுறவுக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார். கைதானவர்கள் நான்கு பேர், அதில் மூன்று பேர் இந்துக்கள், ஒருவர் முஸ்லிம். அன்று சமூக வலைத்தளங்களில் எந்த ஒரு பெயர் ஊரெல்லாம் சுற்றியது என்று உங்களுக்கே ஞாபகம் இருக்கும். மற்ற மூன்று பெயர்களை இப்போது சொல்லச் சொன்னால் சொல்ல முடியுமா? நம் ஆள் செய்தால் அவன் வெறும் குற்றவாளி. அடுத்தவன் செய்தால் அவன் ஒரு மதம்.

நம் ஆள் செய்தால் வெறும் குற்றவாளி என்பதுகூடச் சில சமயம் உண்மையில்லை. 2018-ல் ஜம்முவின் கதுவாவில் எட்டு வயதுக் குழந்தையை வல்லுறவு செய்து கொன்றதை நீங்கள் படித்திருப்பீர்கள். நாடோடி மேய்ச்சல் சமூகத்து முஸ்லிம் குழந்தை. குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு ஆதரவாகத் தேசியக் கொடியோடு ஊர்வலம் போனார்கள். குற்றப்பத்திரிகையைத் தாக்கல் செய்யவிடாமல் வழக்கறிஞர்கள் மறித்தார்கள். அடுத்த ஆண்டு பதான்கோட் நீதிமன்றம் ஆறு பேரைக் குற்றவாளிகள் என்றது. அந்தக் குழந்தைக்கு எந்தப் பூட்டைச் சிபாரிசு செய்வீர்கள்?

மதங்கள் எதில் வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளும், இந்த ஒன்றில் மட்டும் அண்ணன் தம்பிதான். 2006-ல் ஆஸ்திரேலியாவின் முஃப்தியாக, அதாவது அங்குள்ள முஸ்லிம்களின் தலைமை மதகுருவாக இருந்த தாஜ் அல்தீன் அல்ஹிலாலி, மூடாத பெண்ணை மூடாமல் வைத்த இறைச்சி என்றார். பூனை வந்து தின்றால் குற்றம் பூனையுடையதா, இறைச்சியுடையதா என்று கேட்டார். 2012 கிறிஸ்துமஸ் சமயத்தில் இத்தாலியில் பியரோ கோர்சி என்ற பாதிரியார் தேவாலயத்தில் ஒரு அறிவிப்பு ஒட்டினார். பெண்கள் இறுக்கமான உடை போட்டு, வீட்டைக் குப்பையாக வைத்து, ஆறிப்போன சாப்பாடு போடுவதால்தான் அவர்கள்மேல் வன்முறை நடக்கிறதாம். (ஆறிப்போன சாப்பாடு என்ற இடத்தில் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.) அதற்கு அடுத்த மாதம், 2013 ஜனவரியில், கூட்டு வல்லுறவுக்கு ஆளான டெல்லி மாணவியின் மரணத்துக்குப் பிறகு, சாமியார் ஆசாராம் பாபு பேசினார். அந்தப் பெண் அவர்களை அண்ணா என்று அழைத்துக் கெஞ்சியிருக்க வேண்டும், ஒரு கை தட்டினால் ஓசை வருமா என்றார். அதே ஆண்டு ஒரு சிறுமியை வல்லுறவு செய்ததாக அவர் கைதானார். அவருடைய ஆசிரமப் பள்ளியிலேயே படித்த சிறுமி, பெற்றோர் அவருடைய பக்தர்கள். மகளைப் பேய் பிடித்திருப்பதாகச் சொல்லி ஆசிரமத்துக்காரர்கள்தான் அவரிடம் அழைத்துப் போகவைத்தார்கள். 2018-ல் ஜோத்பூர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது. அந்தப் பெற்றோர் வீட்டைத் திறந்து போட்டவர்கள் அல்ல, ஐயா. உலகத்திலேயே பத்திரமான இடம் என்று நம்பி அவர்களே கொண்டுபோய் விட்டார்கள்.

அடக்கம் என்ற சொல்லுக்கு வருகிறேன். நம் சட்டத்திலேயே அது உட்கார்ந்திருக்கிறது. 1860-ல் வெள்ளைக்காரன் எழுதிய தண்டனைச் சட்டத்தின் 354-வது பிரிவு, பெண்ணின் நாணத்துக்கு (ஆங்கிலத்தில் modesty, நீங்கள் சொல்லும் அடக்கம்தான்) ஊறு செய்வதைத்தான் குற்றம் என்றது. பத்திரிகைகள் மானபங்கம் என்று எழுதும். 2024 ஜூலையில் அந்தச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது, 74-வது பிரிவில் அதே சொல் அப்படியே இருக்கிறது. இந்தச் சொல்லை நம்பினால் எங்கே போய் நிற்க வேண்டியிருக்கும் என்பதற்கு ஒரு வழக்கு உண்டு. பஞ்சாபில் மேஜர் சிங் என்ற ஆள், தூங்கிக்கொண்டிருந்த ஏழரை மாதக் குழந்தையைக் காயப்படுத்தினான். ஏழரை மாதம். உயர்நீதிமன்றத்தில் எழுந்த கேள்வி, இந்தக் குழந்தைக்கு நாணம் என்று ஒன்று இருக்கிறதா? நாணம் என்றால் என்னவென்றே தெரியாத உயிருக்கு அதை எப்படிக் குலைக்க முடியும்? முடியாது, ஆகவே 354 பொருந்தாது என்றார்கள். வழக்கு உச்சநீதிமன்றம்வரை போனது. 1966-ல் அங்கே இரண்டு நீதிபதிகள் இது குற்றம்தான் என்றார்கள், பெண்ணாகப் பிறந்த அன்றே நாணம் அவளோடு இருக்கிறது என்றார் அவர்களில் ஒருவர். மூன்றாமவர் அப்போதும் ஒப்புக்கொள்ளவில்லை, அவர்தான் தலைமை நீதிபதி. நீதிபதிகள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவரவில்லை. சொல் அவர்களை அங்கே கொண்டுபோய்விட்டது. அவன் என்ன செய்தான் என்று கேட்க வேண்டிய இடத்தில், அவளிடம் என்ன இருந்தது என்று கேட்கவைத்துவிட்டது.

இருந்தால்தானே பறிபோகும்? இதே தர்க்கம்தான் 2003 வரை நம் சாட்சியச் சட்டத்தில் இருந்தது. வல்லுறவு வழக்கில் அந்தப் பெண் பொதுவாகவே நடத்தை சரியில்லாதவள் என்று நிரூபிக்க எதிர்த்தரப்புக்கு அனுமதி உண்டு. 1972-ல் மகாராஷ்டிரத்தில் ஒரு ஆதிவாசிச் சிறுமிக்குக் காவல் நிலையத்துக்குள்ளேயே கொடுமை நடந்தது. உடம்பில் காயம் இல்லை, போராடியதற்கு அடையாளம் இல்லை என்று சொல்லி உச்சநீதிமன்றம் 1978-ல் இரண்டு காவலர்களையும் விடுதலை செய்தது. நான்கு சட்டப் பேராசிரியர்கள் நீதிமன்றத்துக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள், நாடெங்கும் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள், 1983-ல் சட்டம் திருத்தப்பட்டது. கடிதம் எழுதினால் ஏதாவது நடக்கும் என்று நான் இன்னும் நம்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மதத்தைப் பார்த்துத்தான் பெண்ணைத் தொடுகிறார்கள் என்று நீங்கள் சொல்வது உண்மையாகவே நடக்கும் சமயங்கள் உண்டு, மறுக்கவில்லை. கலவரத்தில் நடக்கும். 1947 பிரிவினையில் பல பத்தாயிரம் பெண்கள் கடத்தப்பட்டார்கள். இந்து, முஸ்லிம், சீக்கியர் என்று மூன்று தரப்புப் பெண்களும் இருந்தார்கள், மூன்று தரப்பு ஆண்களும் செய்தார்கள். முக்காடு போட்டவளா, பர்தா அணிந்தவளா என்று யாரும் பார்க்கவில்லை. ஒரு சமூகம் தன் மானத்தைத் தன் பெண்களின் உடம்பில் கொண்டுபோய் வைத்திருக்கிறது என்று எதிரிக்குத் தெரிந்தால் அவன் எங்கே அடிப்பான்? அந்த ஆண்டு மார்ச் மாதக் கலவரத்தில் ராவல்பிண்டி பக்கம் தோஹா கால்சா கிராமத்தில் ஏறத்தாழ 90 சீக்கியப் பெண்கள் கிணற்றில் குதித்தார்கள். பிறகு மீட்டுக் கொண்டுவரப்பட்ட பெண்கள் பலரை வீட்டில் சேர்த்துக்கொள்ளவில்லை. ஏற்றுக்கொள்ளுங்கள் என்று காந்தியும் நேருவும் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. நீங்கள் பூட்டு என்கிறீர்கள், எனக்கு அது முகவரி எழுதி ஒட்டிய மாதிரித் தெரிகிறது.

ஜாக்கிரதையாக இரு என்று பெண்ணிடம் சொல்லக்கூடாதா என்று கேட்பீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள். துப்பட்டாவை ஒழுங்காகப் போடு என்று நானே என் மகளைக் கத்தியிருக்கிறேன், அவள் பதிலுக்குப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. போகும்போது ஜாக்கிரதை என்று சொல்வது வேறு, வந்தபிறகு ஏன் ஜாக்கிரதையாக இல்லை என்று கேட்பது வேறு. ஆனால் முதலாவதை நாம் சொல்லும் தொனியிலிருந்தே இரண்டாவதைப் பிள்ளைகள் முன்கூட்டியே கேட்டுவிடுகிறார்கள்.

எனக்குப் பதினேழு வயதில், தாவணி போட்டுக்கொண்டு டவுன் பஸ்ஸில் கல்லூரிக்குப் போன காலத்தில், அம்மா தினமும் தோளில் இரண்டு ஊக்கு குத்திவிடுவாள். ஒன்று தாவணி நழுவாமல் இருக்க. இன்னொன்று எதற்கு என்று அவள் சொன்னதில்லை, நான் கேட்டதும் இல்லை. கூட்டத்தில் பின்னாலிருந்து ஒரு கை வரும். இரண்டாவது ஊக்கைக் கழற்றி விரல்களுக்கு நடுவே பிடித்துக்கொள்ள வேண்டும். இழுத்துப் போர்த்திய தாவணிதான், பின்னல்தான், தலைநிறையப் பூதான். அடக்கத்துக்கு ஒரு குறையும் இல்லை. பின்னால் நின்றவனின் நெற்றியில் விபூதியா, தலையில் தொப்பியா, கழுத்தில் சிலுவையா என்று நான் பார்த்ததில்லை, திரும்ப இடம் இருந்தால்தானே. ஒரு தடவை ‘ஸ்ஸ்’ என்ற சத்தம் கேட்டது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் ஏன் அந்தப் பஸ்ஸில் ஏறினாய் என்பாள், அப்பாவுக்குத் தெரிந்தால் படிப்பை நிறுத்திவிடுவார்.

எனக்கு எழுதிய கடிதத்தை உங்கள் பெண்களிடம் காட்டினீர்களா ஐயா? காட்டியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன், ஆனால் சாப்பாட்டு நேரத்தில் இதே விஷயங்களைப் பேசியிருப்பீர்கள். இன்றைக்குச் சின்னவள் வந்ததும் அவள் பையில் ஊக்கு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால், கடைசியாக எப்போது எடுத்தாள் என்றும், அன்றைக்கு வீட்டில் ஏன் சொல்லவில்லை என்றும்.

அன்புடன்.