ஞானஸ்நானமும் நினைவும் – கடிதம்

கிறிஸ்துவுக்குள் அன்பான அக்காவுக்கு, ஸ்தோத்திரம்.

எனக்கு வயது 22. லுத்தரன் குடும்பத்தில் பிறந்தவன். கைக்குழந்தையாக இருந்தபோது ஞானஸ்நானம், பதினைந்து வயதில் திடப்படுத்தல் (சபை முன் விசுவாசத்தை உறுதிப்படுத்தும் சடங்கு). இப்போது எங்கள் சபையின் வாலிபர் கூட்டப் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. திடப்படுத்தலுக்கு ஆயத்தமாகும் பிள்ளைகளிடம் அடுத்த மாதம் ‘ஞானஸ்நான விசுவாசத்தில் வாழ்வது’ என்ற தலைப்பில் நான் பேச வேண்டும். நான்கைந்து குறிப்புகள் தர முடியுமா? குழந்தை ஞானஸ்நானத்துக்கு வேதத்தில் என்ன ஆதாரம் என்று கேட்பவர்களுக்கு என்ன சொல்வது? நம் ஆராதனை முறை வாலிபர்களை ஈர்ப்பதில்லை என்பதைப் பற்றியும் நீங்கள் எழுத வேண்டும்.

இன்னொன்று. என் ஞானஸ்நானம் எனக்கு நினைவில் இல்லை. வேறு சபைகளைச் சேர்ந்த நண்பர்கள், தாங்களாக முடிவெடுத்துத் தண்ணீரில் இறங்கிய நாளைச் சாட்சியாகச் சொல்லும்போது எனக்குச் சொல்ல ஒன்றும் இருப்பதில்லை. நினைவே இல்லாத ஒன்றைப் பற்றி எப்படிப் பேசுவது? ஜெபத்தில் உட்கார்ந்தால் உள்ளம் வறண்டு கிடக்கிறது. விட்டுவிட்டேன் என்று நினைத்த பாவத்தில் மறுபடி மறுபடி விழுகிறேன். நானும் ஒருமுறை, தெரிந்து, முழு மனதோடு ஞானஸ்நானம் பெற்றால் இது சரியாகுமோ என்று தோன்றுகிறது.

அன்புடன்,
ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

கூட்டத்துக்குக் குறிப்பு கேட்டு வருகிற கடிதங்களுக்கு, உங்கள் போதகரைக் கேளுங்கள் என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிடுவேன். உனக்கு விரிவாக எழுதக் காரணம், ‘நினைவே இல்லாத ஒன்றைப் பற்றி எப்படிப் பேசுவது’ என்று நீ கேட்டிருப்பதுதான். அந்தக் கேள்வி சில காலமாக என்னோடும் இருக்கிறது. ஆனால் எனக்கு அது வாழ்க்கையின் இன்னொரு முனையிலிருந்து வந்தது.

ஆராதனை முறையைப் பற்றி இப்போது பேச விருப்பமில்லை. பாவ அறிக்கை, மன்னிப்பின் வார்த்தை, பிரசங்கம், திருவிருந்து இவை இருக்கிற இடத்தில் கித்தார் இருந்தாலும் சரி, ஆர்கன் இருந்தாலும் சரி. வேத ஆதாரம் கேட்கிறவர்களுக்கு அப்போஸ்தலர் 2:39ஐக் காட்டு. வாக்குத்தத்தம் ‘உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும்’ என்று பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு சொன்னார். சிறு பிள்ளைகளைத் தடைபண்ணாதிருங்கள் என்று ஆண்டவர் சொன்னதையும் சொல். அதற்கு மேல் வாதாடாதே. அந்த நண்பர்கள் கர்த்தரை நேசிக்கிறவர்கள். அவர்களை வாதத்தில் ஜெயிப்பதற்காக உனக்கு யாரும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை.

இரண்டாவது ஞானஸ்நானம் வேண்டாம். இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. முதல் முறை தேவன் செய்தது போதவில்லை என்று சபை முன்னால் நின்று சொல்வதாகத்தான் அது ஆகும். 1528இல் மறுஞானஸ்நானத்தைப் பற்றி, நம் லுத்தரன் சபை மரபுக்கு மூலவரான மார்ட்டின் லூதர் எழுதியபோது இதைத்தான் கேட்டார்: விசுவாசம் உறுதியான பிறகுதான் ஞானஸ்நானம் என்றால், அது உறுதியாகிவிட்டது என்று எந்த நாளில் தெரிந்துகொள்வாய்? இன்று முழு மனதோடு இறங்குவாய். அடுத்த வருடம் அந்த முழு மனதின் மேலேயே சந்தேகம் வரும். அப்புறம் மூன்றாவது முறையா?

சரி, நினைவுக்கு வருகிறேன்.

என் அத்தை ஞாயிறு பள்ளி ஆசிரியை. சபையின் பாதிப் பிள்ளைகள் பத்துக் கட்டளைகளையும் விசுவாசப் பிரமாணத்தையும் அவரிடம் படித்தவர்கள்தான். முதுமையில் அவருக்கு மறதி நோய் வந்தது. முதலில் பெயர்கள் போயின, அப்புறம் முகங்கள், பிறகு தான் எந்த வீட்டில் இருக்கிறோம் என்பதே போனது. அந்தக் காலத்தில் ஜெபிக்க வந்த ஒருவர் கட்டில் ஓரம் குனிந்து, “அம்மா, நீங்கள் இயேசுவை ஏற்றுக்கொண்டீர்களா? எந்த நாளில் ஏற்றுக்கொண்டீர்கள்?” என்று சத்தமாகக் கேட்டார். அத்தைக்கு ஒன்றும் புரியவில்லை. பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டார். வந்தவர் என்னைத் தனியாக அழைத்து, இவருடைய ஆத்துமாவைப் பற்றி நிச்சயம் சொல்ல முடியாது என்றார்.

தம்பி, எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. இப்படிப்பட்ட கதைகளில் கடைசி நேரத்தில் நோயாளி ஒரு சங்கீதத்தையோ கர்த்தருடைய ஜெபத்தையோ தானாகச் சொல்லிவிடுவார். என் அத்தை சொல்லவில்லை. ஒரு வார்த்தையும் சொல்லாமல்தான் போனார். சாட்சி, தீர்மானம், உணர்வு, நினைவு என்று நீ ஏங்குகிற அத்தனையும் அவரிடமிருந்து எடுக்கப்பட்டிருந்தன. இரட்சிப்பின் நிச்சயம் இவற்றில் ஏதோ ஒன்றின் மேல் நிற்கிறது என்றால், என் அத்தைக்கு ஒன்றுமே இல்லை. ஆனால் ஏசாயாவில் கர்த்தர் சொல்கிறார்: ‘உன்னைப் பேர்சொல்லி அழைத்தேன்; நீ என்னுடையவன்.’ தன் பெயரே தெரியாத குழந்தையாக அத்தை இருந்தபோது அந்தப் பெயரைச் சொல்லி, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் அவர்மேல் தண்ணீர் ஊற்றப்பட்டது. கடைசியில் மறுபடியும் தன் பெயர் தெரியாமல் போனபோது, அவர் பெயரை அறிந்தவர் மாறவில்லை. முதல் நாள் அவருடைய நினைவைக் கேட்காமல் செய்யப்பட்டது, கடைசி நாள் நினைவு இல்லை என்பதற்காக ரத்தாகுமா?

இப்போது நீ சொல். நினைவில்லாத ஞானஸ்நானத்தால் எனக்கு என்ன பயன் என்று 22 வயதில் கேட்கிறாய். உனக்கும் ஒரு நாள் நினைவு தவறலாம். அன்று எதன் மேல் படுத்திருக்கப்போகிறாய்?

லூதருக்கும் தன் ஞானஸ்நானம் நினைவில் இருந்திருக்க முடியாது. 1483 நவம்பர் 10ஆம் தேதி ஐஸ்லேபன் ஊரில் பிறந்தார், மறுநாளே ஞானஸ்நானம். அது புனித மார்ட்டின் திருநாள், அதனால்தான் மார்ட்டின் என்ற பெயர். இந்த மனிதர் 1505இல் நீ யோசிப்பதற்குப் பக்கத்திலான ஒன்றைச் செய்தார். தானே முடிவெடுத்து, முழு மனதோடு மடத்தில் சேர்ந்தார். துறவற வாக்குறுதியை இன்னொரு ஞானஸ்நானம்போலப் புகழ்ந்து பேசிய காலம் அது. அங்கே மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்தார், உபவாசம் இருந்தார், தன் உள்ளத்தைத் தோண்டித் தோண்டிப் பார்த்தார். நிச்சயம் கிடைக்கவில்லை. பிற்காலத்தில் தன் விசுவாசப் போதனை நூலான பெரிய ஞானோபதேசத்தில் எழுதுகிறார்: பாவமும் மனச்சாட்சியும் நெருக்கும்போது, ‘ஆனாலும் நான் ஞானஸ்நானம் பெற்றவன்’ என்று சொல். எந்த ஞானஸ்நானம்? பிறந்து ஒரு நாளான சிசுவுக்குக் கொடுக்கப்பட்ட அதுதான்.

அதே இடத்தில் ஒரு கப்பலைப் பற்றியும் எழுதுகிறார். ஞானஸ்நானம் ஒரு கப்பல், நாம் பாவம் செய்ததும் அது உடைந்துவிடுகிறது, அப்புறம் மனந்திரும்புதல் என்கிற பலகையைப் பிடித்துக்கொண்டுதான் கரை சேர வேண்டும் என்று பழைய சபைத் தகப்பனாகிய ஜெரோம் சொல்லியிருந்தார். லூதர் இதை மறுக்கிறார். கப்பல் உடைவதே இல்லை, அது தேவனுடைய ஏற்பாடு. கப்பலிலிருந்து தவறி விழுகிறவர்கள் நாம். விழுந்தவன் நீந்திப்போய் அதையே மறுபடி பிடித்துக்கொள்ள வேண்டும். உன் நிலை இதுதான். விழுந்திருக்கிறாய், அது உண்மை. அதற்காகத் தண்ணீரில் தத்தளித்துக்கொண்டே புதுக்கப்பல் கட்ட மரம் தேடுகிறாய்.

உன்னைக் கடிந்துகொள்வதற்கு ஒரு விஷயம் இருக்கிறது. உன் கடிதத்தில் எத்தனை தடவை ‘எனக்கு’, ‘என் உள்ளம்’, ‘எனக்குத் தோன்றுகிறது’ என்று எழுதியிருக்கிறாய், எண்ணிப் பார். வறட்சியை நான் சின்னதாக நினைக்கவில்லை. ஜெபம் மணல்போல வாயில் நிற்கிற நாட்கள் எனக்கும் உண்டு. ஆனால் நீ காலையில் எழுந்ததும் உள்ளத்தைத் தொட்டுப் பார்க்கிறாய், அது சூடாக இருந்தால் தேவன் இருக்கிறார், ஆறிப்போயிருந்தால் இல்லை. இது விசுவாசம் இல்லை தம்பி. உனக்கு வெளியே, உன்னைக் கேளாமல், ஒரு பதிவேட்டில் தேதியோடு எழுதப்பட்டிருக்கிற காரியம் ஒன்று இருக்கிறது. அதைப் பார்.

இந்தத் தவறு உன்னுடையது மட்டும் இல்லை, உனக்குச் சொல்லிக்கொடுத்த எங்களுடையதும்தான். லூதர் கேள்வி-பதிலாக எழுதிய சிறிய ஞானோபதேசத்தில் ஞானஸ்நானத்தைப் பற்றி நான்கு கேள்விகள் இருக்கின்றன. அது என்ன? அதனால் என்ன நன்மை? தண்ணீர் இவ்வளவு பெரிய காரியங்களை எப்படிச் செய்ய முடியும்? இந்த மூன்றையும் பிள்ளைகள் கடகடவென்று ஒப்பித்துவிடுவார்கள். நான்காவது, இப்படித் தண்ணீரால் ஞானஸ்நானம் கொடுப்பது எதைக் குறிக்கிறது என்பது. நம்மிலுள்ள பழைய ஆதாம், அதாவது நம் பாவ சுபாவம், தினந்தோறும் மனஸ்தாபத்தினாலும் மனந்திரும்புதலினாலும் மூழ்கடிக்கப்பட்டுச் சாக வேண்டும், புதிய மனுஷன் தினந்தோறும் எழும்ப வேண்டும் என்பது பதில். ரோமர் 6:4 ஆதாரம். இதையும் ஒப்பிக்கிறார்கள். ஆனால் அந்தத் ‘தினந்தோறும்’ எப்படி நடக்கும், திங்கட்கிழமை அது என்ன வடிவம் எடுக்கும் என்று நாங்கள் யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. திடப்படுத்தல் நாளில் வெள்ளை உடுத்தி, படம் எடுத்து, படிப்பு முடிந்ததுபோல அனுப்பிவிடுகிறோம். கையில் சான்றிதழ் இருக்கிறது, வாழ்வதற்கு ஒன்றும் இல்லை. அப்புறம் அந்தப் பிள்ளை 22 வயதில், இன்னொரு முறை முழுகட்டுமா என்று கேட்டு எழுதுகிறது. தினமும் முழுக வேண்டியதை யாரும் சொல்லாததால் வந்த கேள்வி அது.

1517இல் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்து லூதர் எழுதிய 95 கருத்துரைகளில் முதலாவதும் இதுதான்: மனந்திரும்புங்கள் என்று நம் ஆண்டவர் சொன்னபோது, விசுவாசிகளின் முழு வாழ்க்கையும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்றே விரும்பினார். முழு வாழ்க்கையும். நீ மறுபடி மறுபடி விழுவதை ஞானஸ்நானம் வேலை செய்யவில்லை என்பதற்கு அடையாளமாக எடுத்துக்கொள்கிறாய். பழைய ஆதாம் நன்றாக நீந்துவான், அதனால்தான் தினந்தோறும் என்று எழுதிவைத்தார்கள். உன் பாவம் உன்னை வருத்துகிறதே, அந்த வருத்தமே ஞானஸ்நானம் உன்னில் வேலை செய்துகொண்டிருப்பதுதான். வருத்தமே இல்லாமல், ஞானஸ்நானம்தான் ஆகிவிட்டதே, இனி எப்படியும் இருக்கலாம் என்று ஒருவன் எழுதியிருந்தால் அவனுக்கு வேறு கடிதம் எழுதியிருப்பேன். கிருபை பெருகும்படி பாவத்திலே நிலைநிற்கலாமா என்று பவுல் கேட்ட இடத்தில் ஆரம்பித்திருப்பேன்.

தினந்தோறும் என்பது என்ன? ஞானோபதேசத்திலேயே இருக்கிறது. எந்தப் பாவங்களை அறிக்கையிட வேண்டும் என்ற கேள்விக்கு வருகிற பதிலை எடுத்துப் பார். பத்துக் கட்டளைகளின்படி உன் நிலையை யோசித்துப் பார் என்கிறது. நீ தகப்பனா, தாயா, மகனா, மகளா, எஜமானா, வேலைக்காரனா? கீழ்ப்படியாமல், உண்மையில்லாமல், சோம்பலாக இருந்தாயா? சொல்லாலோ செயலாலோ யாரையாவது புண்படுத்தினாயா? திருடினாயா, எதையாவது கவனிக்காமல் விட்டாயா, வீணாக்கினாயா? கவனித்தாயா, உன் ஜெபம் வறண்டிருக்கிறதா என்று அது கேட்கவே இல்லை. வீட்டில் எப்படி நடந்துகொண்டாய், வேலையை எப்படிச் செய்தாய் என்றுதான் கேட்கிறது. ஞானஸ்நானம் பெற்றவன் வாழ்கிற இடம் அது. 1522இல் திருமண வாழ்வைப் பற்றி எழுதியபோது, குழந்தையின் அழுக்குத் துணியை விசுவாசத்தோடு துவைக்கிற தகப்பனைப் பார்த்து ஊர் சிரிக்கலாம், தேவனும் தேவதூதர்களும் மகிழ்கிறார்கள் என்று லூதர் எழுதினார். உன் பிள்ளைகளிடம் இதைச் சொல். அவர்களுக்கு இன்னும் குழந்தைகள் இல்லை. ஆனால் உடம்பு முடியாத பாட்டியும் எரிந்து விழுகிற தம்பியும் செய்யாமல் விட்ட வீட்டுப்பாடமும் இருக்கின்றன.

இரவில் அறிக்கையிட்டு முடித்ததும் என்ன செய்ய வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது: உடனே நிம்மதியாகத் தூங்கு. காலையில் சிலுவை அடையாளம் போட்டு, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் என்று சொல்லி, ஜெபித்து, மகிழ்ச்சியோடு உன் வேலைக்குப் போ. ஞானஸ்நானத்தில் உன்மேல் சொல்லப்பட்ட அதே நாமத்தோடுதான் ஒவ்வொரு நாளும் தொடங்குகிறது. நடுவில் உன் உணர்வுக்கு யாரும் மதிப்பெண் போடுவதில்லை.

நீ மறுபடி மறுபடி விழுகிற அந்தப் பாவம் எது என்று எழுதவில்லை. எனக்கு எழுதவும் வேண்டாம். ஆனால் யாரிடமாவது சொல்ல வேண்டும். தனிப்பட்ட பாவ அறிக்கையை நம்முடையது இல்லை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். லுத்தரன் சபைகளின் அடிப்படை ஆவணமான 1530ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் 11ஆம் பிரிவு, தனிப்பட்ட பாவமன்னிப்பு சபைகளில் நிலைத்திருக்க வேண்டும் என்று சொல்கிறது. யாரும் பயன்படுத்தாமல் கிடக்கிறது. இந்த வாரமே போதகரிடம் போ. முழுப் பட்டியலும் வேண்டாம், உன்னை அழுத்துகிறதை மட்டும் சொன்னால் போதும். அவர் உன்னிடம், என் மன்னிப்பு தேவனுடைய மன்னிப்பு என்று விசுவாசிக்கிறாயா என்று கேட்பார். ஆம் என்று சொல். எப்படி இருந்தது என்று வீட்டுக்கு வரும் வழியில் யோசிக்காதே.

கூட்டத்துக்குக் குறிப்பு கேட்டாயே. அந்த நான்காவது கேள்வியையும், பாவ அறிக்கையில் வருகிற அந்தப் பட்டியலையும் எடுத்துக்கொள். ஒரு மணி நேரத்துக்கு அது தாராளம். பேசுவதற்கு முன்னால் ஒவ்வொரு பிள்ளையையும் தன் ஞானஸ்நானத் தேதியைப் பதிவேட்டில் பார்த்து எழுதிக்கொண்டு வரச் சொல். நீயும் எழுதிக்கொண்டு போ.

அன்புடன்,
அக்கா