சொறி, பவளம், கடல் சாமந்தி: வாசகர் கேள்விகள்

ஜெல்லிமீன் கொட்டினால் சிறுநீர் விடலாமா? (சென்னை)

விடக்கூடாது. இதை எத்தனை முறைதான் எழுதுவது! சிறுநீர் வேண்டாம், பாட்டில் தண்ணீர் வேண்டாம், மணலை அள்ளித் தேய்க்கவும் வேண்டாம். தோலில் ஒட்டிய இழையில் இன்னும் வெடிக்காத கொட்டும் செல்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். நல்ல தண்ணீர் பட்டால் அவையும் வெடிக்கும். கடல் நீரால் கழுவுங்கள், இழையை இடுக்கியால் எடுங்கள், பொறுக்கிற சூட்டில், 45 டிகிரி போல, வெந்நீரில் 20 நிமிடம் வையுங்கள். சொறி என்றால் ஜெல்லிமீன்தான்; அதில் பெட்டி வடிவத்தில் இருக்கும் பெட்டிச் சொறிக்கு வினிகர் நல்லது. பலூன் மாதிரி மிதக்கும் நீலக்குப்பிக்கு வினிகர் கூடுமா கூடாதா என்று ஆராய்ச்சியாளர்களே இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். நான் வெந்நீர் கட்சி. மூச்சு முட்டினால் இதெல்லாம் எதுவும் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி.

இணைத்துள்ள படத்தில் இருப்பது என்ன? உடனே சொல்லவும். (ஊர் எழுதவில்லை)

படத்தில் நீலமாக ஏதோ இருக்கிறது, பக்கத்தில் உங்கள் செருப்பு இருக்கிறது. எந்தக் கரை, எந்த மாதம், எவ்வளவு பெரிது என்று ஒரு வரி இல்லை. அவசரம் மட்டும் இருக்கிறது. செருப்போடு ஒப்பிட்டால் நாணய அளவு. வட்டத் தட்டு, சுற்றிலும் நீலக் குஞ்சம். ஆகவே நீலப் பொத்தான், போர்பிட்டா. ஊதின பலூன் மாதிரி இருந்து, அடியில் நீலக் கயிறு தொங்கினால் அது பைசேலியா, அதாவது நீலக்குப்பி. அதுதான் ஆபத்தானது. இரண்டுமே அசல் ஜெல்லிமீன் இல்லை, பல உயிர்கள் சேர்ந்து நடத்தும் கூட்டுக் குடித்தனம். இரண்டாவது படத்தில் உங்கள் விரல் தெரிகிறது. செத்துக் கிடந்தாலும் தொடாதீர்கள்.

செத்தது எப்படி சார் கொட்டும்? (நாகப்பட்டினம்)

கொட்டுவதற்கு மூளையின் உத்தரவு தேவையில்லை. ஒவ்வொரு கொட்டும் செல்லுக்குள்ளும் ஒரு குப்பி, அதற்குள் சுருட்டி வைத்த குழல். குப்பிக்குள் அழுத்தம் 150 பார் வரை போகும், கார் டயரில் இருப்பதைப் போல 70 மடங்கு. தொட்டதும் மூடி திறந்து முள் பாய்கிறது. ஹைட்ரா என்ற நன்னீர்ச் சிற்றுயிரில் அளந்து பார்த்தார்கள்: ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. சொறி செத்தாலும் குப்பி பல மணி நேரம் தயாராகவே இருக்கும். அதனால்தான் மறுபடியும் சொல்கிறேன், தொடாதீர்கள்.

மூளையே இல்லாததற்குக் கண் இருக்குமா? (கோவை)

பெட்டிச் சொறிக்கு 24 கண். அதில் சிலவற்றில் நம்மைப் போல லென்ஸும் உண்டு.

ராமேஸ்வரம் போனபோது கரை ஒதுங்கிய பவளப்பாறைத் துண்டு இரண்டு எடுத்து வந்தேன். செத்த கல்தானே, மீன் தொட்டியில் போடலாமா? (மதுரை)

போடக்கூடாது. வைத்திருக்கவே கூடாது. பவளங்கள் 2001 முதல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலியும் யானையும் இருக்கிற அதே அட்டவணை. கரையில் கிடந்ததா, கடலில் உடைத்ததா என்ற பேச்சுக்கே இடமில்லை.

சட்டம் கிடக்கட்டும். 'கல்தானே' என்கிறீர்களே, அந்தத் துண்டை ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எள் அளவில், மிளகு அளவில் குழிகள் தெரியும். ஒவ்வொரு குழிக்குள்ளும் நடுவைப் பார்த்து மெல்லிய தடுப்புகள், பெரும்பாலும் ஆறு அல்லது ஆறின் மடங்கு. ஒரு குழி என்பது ஒரு உயிர் உட்கார்ந்திருந்த இடம். பூப்போலத் தெரியும் கடல் விலங்கான கடல் சாமந்தியின் குட்டித் தங்கை அது. தன் காலடியில் சுண்ணாம்பு போட்டுப் போட்டு மேலே ஏறியது. மான்கொம்புப் பவளம் வருடத்துக்கு 10 சென்டிமீட்டர் வளரும். உருண்டைப் பவளம் 1 சென்டிமீட்டர் வளர்ந்தால் பெரிது. உங்கள் கையில் இருப்பது உள்ளங்கை அளவு உருண்டைத் துண்டு என்றால் அது பல வருட வேலை.

நான் தூத்துக்குடியில் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வள்ளம் வள்ளமாகக் கல் வந்து இறங்கும். ஈரம் காயாத கல். மேலே கொழகொழவென்று சதை, அழுகின நாற்றம். காளவாசலுக்குப் போய்ச் சுண்ணாம்பாகும். இறக்குகிறவரிடம் கேட்டால் அவரும் இதையேதான் சொல்வார்: 'கல்தானே சார்.' மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் இன்று தண்ணீருக்கு அடியில். அலையைத் தடுத்து நின்ற பவளத்தைத் தோண்டி எடுத்ததற்கு அதில் பெரிய பங்கு உண்டு. தூத்துக்குடிக்கு எதிரே இருக்கும் வான் தீவு ஒரு காலத்தில் 16 ஹெக்டேர் போல இருந்தது, 2015 வாக்கில் 2 ஹெக்டேருக்குச் சுருங்கிவிட்டது. அப்புறம் கடலுக்குள் செயற்கைப் பார், அதாவது பாறைத்திட்டு, இறக்கி அதைக் காப்பாற்ற வேண்டி வந்தது. நீங்கள் எடுத்த மாதிரித் துண்டுகளும் மணலும் ஒதுங்கிச் சேர்ந்ததுதான் அந்தத் தீவுகளே. இரண்டு துண்டுதானே என்று பேருந்து பேருந்தாக வருகிறவர்கள் எல்லாரும் நினைத்தால்? வனத்துறை அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள்.

பவளம் வெளுத்துவிட்டால் செத்துவிட்டது என்று அர்த்தமா? (திருநெல்வேலி)

இல்லை, பட்டினி கிடக்கிறது என்று அர்த்தம். சதைக்குள் குடியிருந்து சமைத்துப்போடும் நுண்பாசி, சூடு தாங்காமல் வெளியேறியிருக்கும். சில வாரங்களில் தண்ணீர் குளிர்ந்தால் பிழைக்கும். மன்னார் வளைகுடா 2010லும் 2016லும் பெரிதாக வெளுத்தது. 2016ல் நிறைய பிழைக்கவில்லை.

முதல் முறை சொறி பட்டபோது வெறும் அரிப்புதான். இரண்டாம் முறை மூச்சே நின்றுவிடும்போல ஆனது. ஏன்? (கன்னியாகுமரி)

ஒவ்வாமையாக இருக்கலாம், மருத்துவரைப் பாருங்கள். இதில் உங்களுக்குப் பெரிய முன்னோடிகள் உண்டு. 1901ல் மொனாக்கோ இளவரசரின் கப்பலில் பைசேலியா விஷத்தை ஆராயப் போனார்கள் பிரெஞ்சு விஞ்ஞானிகள் ஷார்ல் ரிஷேயும் போர்ட்டியேயும். ஊர் திரும்பிக் கடல் சாமந்தி விஷத்தை நாய்களுக்குப் போட்டார்கள். முதல் ஊசியைத் தாங்கிய நாய், சில வாரம் கழித்துக் கொஞ்சமாகக் கொடுத்ததும் நிமிடங்களில் விழுந்தது. பழகப் பழக விஷம் தணியும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு நேர்மாறான பதில். உயிருக்கே உலை வைக்கும் இந்த ஒவ்வாமைக்கு அனாஃபிலாக்சிஸ் என்ற பெயரே அங்கே பிறந்ததுதான். ரிஷேவுக்கு 1913ல் நோபல் பரிசு கிடைத்தது. உங்களுக்குக் கிடைத்தது எச்சரிக்கை. தயவுசெய்து மூன்றாம் முறை சோதித்துப் பார்க்காதீர்கள்.

ஜோசியர் பவள மோதிரம் போடச் சொல்கிறார். அது நம் கடல் பவளமா? (சேலம்)

இல்லை. நகைக்கடைச் சிவப்புப் பவளத்தின் பிரபலமான ஊர் மத்தியதரைக் கடல். நம் பார் கட்டும் பவளத்துக்கு அது ஒன்றுவிட்ட உறவு; சிவப்புப் பவளத்துக்கு உணர்கொம்பு எட்டு. செவ்வாய் தோஷம் என் துறை இல்லை.

சாகாத ஜெல்லிமீன் உண்டாமே? (பெங்களூரு)

டுரிட்டாப்சிஸ். அடிபட்டாலோ பட்டினி கிடந்தாலோ குடைப் பருவத்திலிருந்து மறுபடி குழந்தைப் பருவத்துக்கே திரும்பிவிடும். அதற்காக யாரும் தின்னமாட்டார்கள் என்று இல்லை.

சொறியைச் சாப்பிடலாமா? (தஞ்சாவூர்)

சீனாவிலும் ஜப்பானிலும் சாப்பிடுகிறார்கள். நம் கரையிலும் சில இனங்களைப் பிடித்து, உப்பும் படிகாரமும் போட்டுத் தண்ணீரை வடித்து, ஏற்றுமதி செய்கிறார்கள். உடம்பில் 95 சதவீதம் தண்ணீர் என்பதால் கூடை கூடையாகப் பிடித்தால் கையில் கொஞ்சம்தான் மிஞ்சும். நான் ஒருமுறை தின்றிருக்கிறேன். ரப்பர் பேண்டுக்கு நல்லெண்ணெய் தடவியது போல இருந்தது. கரையில் ஒதுங்கினதை எடுத்துச் சமைக்கலாமா என்றுதான் அடுத்த கடிதம் வரும், தெரியும். தொடவே கூடாது என்கிறேன், அடுப்பில் ஏற்றுவதா?