பின்னால் வளைந்தால் மட்டும் இடுப்பு வலிக்கிறதா?

முதலில் அந்த ஐபுப்ரோஃபன் வலி மாத்திரையை நிறுத்துங்கள் அம்மா. பயிற்சிக்கு அரைமணி முன்னால் ஒரு மாத்திரை கொடுத்து அனுப்புகிறேன், போட்டால் ஓரளவு செய்கிறாள், போடாவிட்டால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறாள் என்று டாலஸிலிருந்து எழுதியிருக்கிறீர்களே, உங்கள் நீளமான கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த ஒரு வரிதான். 14 வயதுப் பெண், பின்னால் வளைந்து கை ஊன்றிப் புரளும் பேக் ஹேண்ட்ஸ்பிரிங்கை டிசம்பர் வரை அநாயாசமாகப் போட்டவள், சியர்லீடிங் (முழக்கமும் கரணமுமாகப் பள்ளி அணியை உற்சாகப்படுத்தும் ஆட்டம்) குழுவுக்கான ட்ரையவுட், அதாவது தேர்வு, நெருங்கும் நேரத்தில் மேட் ஓரத்தில் கையைத் தூக்கியபடி அப்படியே நிற்கிறாள். கோச் பயம் என்கிறார். நீங்கள் மூளையில் கட்டியோ, நரம்புக் கோளாறோ என்று இரவெல்லாம் இணையத்தைத் துழாவுகிறீர்கள். தலைவலி இல்லை, வாந்தி இல்லை, நடை சரியாக இருக்கிறது என்று நீங்களே எழுதிவிட்டு அப்புறம் என்ன மூளைக்கட்டி? அந்தத் தேடலை மூடிவையுங்கள். எனக்குச் சந்தேகம் அவள் முதுகெலும்பின் மேல்தான்.

ஒவ்வொரு முதுகெலும்பின் பின்பக்கமும், இடத்திலும் வலத்திலுமாக, பார்ஸ் என்று மெல்லிய எலும்புப் பாலம் இருக்கிறது. பின்னால் வில்லாக வளையும்போது பாரம் அங்கேதான் இறங்கும், அதிலும் இடுப்புப் பகுதியின் கடைசி எலும்பான எல்5-இல் அதிகம். மளமளவென்று உயரம் கூடும் வயதில் அந்த எலும்பு இன்னும் முழுசாக இறுகியிருக்காது. கம்பியை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்தால் என்ன ஆகுமோ அதுதான் அங்கேயும் ஆகிறது: மயிரிழை விரிசல். ஸ்பாண்டிலோலிசிஸ் என்போம். குனிந்து கால்விரலைத் தொடச் சொன்னால் இந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் தொட்டுவிடுவார்கள். ஒற்றைக் காலில் நின்று பின்னால் சாயச் சொன்னால் முகம் சுருங்கும், எங்கே வலிக்கிறது என்றால் பெல்ட் கட்டும் இடத்தில், நடுக்கோட்டுக்குச் சற்றுத் தள்ளி, ஒரு விரலை வைத்துக் காட்டுவார்கள். சாதாரணப் பிடிப்பு ஓரிரு வாரத்தில் விட்டுப்போகும். உங்கள் மகளுக்கு ஆறு வாரமாக, ஓய்வெடுத்தால் குறைந்து பயிற்சிக்குப் போனால் திரும்ப வருகிறது. மாத்திரை அந்த வலியை மறைக்கிறது, விரிசலின் மேல் அவள் குதித்துக்கொண்டிருக்கிறாள்.

அதனால் இன்றிலிருந்து டம்பிளிங் என்கிற கரணங்கள், பின்வளைவு, குதிப்பு எதுவும் வேண்டாம். இந்த வாரமே குழந்தை மருத்துவரிடமோ விளையாட்டு மருத்துவரிடமோ கூட்டிப்போங்கள். வெறுமனே முதுகுவலி என்று சொல்லாமல், பின்னால் வளைந்தால்தான் வலிக்கிறது, ஆறு வாரமாக இருக்கிறது என்று சொல்லுங்கள். எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்றதும் நிம்மதியாகத் திரும்பிவிடாதீர்கள், ஆரம்பகட்ட விரிசல் அதில் தெரியாமல் போகலாம். எம்ஆர்ஐ தேவையா என்று கேளுங்கள். பாட்டி வீடியோ காலில் சொன்னபடி லேசாக எண்ணெய் தடவுவதில் தப்பில்லை, ஆனால் சுளுக்கு எடுக்கிறேன் என்று யாரும் முதுகைச் சொடுக்க விடாதீர்கள்.

விரிசல்தான் என்றாலும் பதறவேண்டாம். வழக்கமாக மூன்று மாத அளவில் ஓய்வு, வயிறு, இடுப்பு, தொடைத் தசைகளுக்கு பிசியோதெரபி, சிலருக்கு பெல்ட். அறுவை சிகிச்சை அபூர்வம். பெரும்பாலான பிள்ளைகள் விளையாட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். பெரியவர்களில் சுமார் 6 சதவீதம் பேருக்கு இந்த விரிசல் உண்டு, பலருக்கு அது இருப்பதே தெரியாது. காலில் பலவீனம், தொடை இடுக்கில் மரத்துப்போவது, சிறுநீர் அடக்கவோ கழிக்கவோ முடியாமல் போவது, இதில் ஏதாவது வந்தால் மட்டும் நாள் பார்க்காமல் எமர்ஜென்சிக்கு ஓடுங்கள்.

நீங்கள் கேட்ட மற்றவற்றுக்கும் சொல்லிவிடுகிறேன். மணிக்கட்டில் வலியில்லாத சொடக்குச் சத்தம் ஒன்றும் செய்யாது. கை ஊன்றும்போது வலித்தால் அதே மருத்துவரிடம் காட்டுங்கள். டம்பிளிங் செய்தால் உயரம் நின்றுவிடாது. வெறும் ஆட்டம்தானே, இதில் எலும்பு விரியுமா என்கிறார் உங்கள் கணவர். சியர்லீடிங்கை விளையாட்டாக அறிவித்து அதற்குரிய பாதுகாப்பைத் தரவேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2012-லேயே சொல்லிவிட்டது, அவரிடம் சொல்லுங்கள்.

கோச் சொல்லும் பயமும் பொய்யில்லை. வலித்த உடம்பு அடுத்த தடவை தயங்கத்தான் செய்யும். 2021-இல் டோக்கியோவில் ஒலிம்பிக்கில் காற்றில் திசை தெரியாமல் போய் அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் நட்சத்திரம் சிமோன் பைல்ஸே பல போட்டிகளிலிருந்து விலகினார், 2024-இல் பாரிஸில் திரும்ப வந்து தங்கம் வாங்கினார். வலி போனபிறகும் பயம் மிச்சமிருந்தால், மெத்தென்ற மேட்டில், ஒருவர் முதுகைத் தாங்கிப் பிடிக்க, அடியிலிருந்து தொடங்கலாம். வலி இருக்கும்போது அவளைத் தைரியப்படுத்துகிறேன் என்று யாரும் தள்ளவேண்டாம்.

ட்ரையவுட்டுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது, தெரிகிறது. ஒரு வருஷமாக அவள் காத்திருந்ததை இப்போது விடு என்று சொல்வது எனக்கும் கஷ்டம்தான். நாளைக்கே கோச்சிடம் பேசுங்கள். பல பள்ளிகளில் டம்பிளிங் மதிப்பெண்ணில் ஒரு பகுதிதான், முழக்கத்துக்கும் கை அசைவுகளுக்கும் தனியாக உண்டு. மருத்துவர் கடிதம் கொடுத்தால் அவற்றை மட்டும் வைத்துப் பார்ப்பீர்களா என்று கேளுங்கள். எம்ஆர்ஐ எடுத்தால் பார்ஸ் பற்றி அறிக்கையில் இருக்கும் வரிகளை அப்படியே எனக்கு அனுப்புங்கள்.