மிளகுத்தூள் ஓடினால் போதுமா?

கேள்வி: எங்கள் தொடர்மாடிக்கு வந்த விற்பனையாளர் ஒருவர், மண்ணிலுள்ள பற்றீரியா தயாரித்தது என்று சொல்லிப் பாத்திரம் கழுவும் திரவம் காட்டினார். தட்டில் தண்ணீர் ஊற்றி மிளகுத்தூள் தூவி ஒரு சொட்டு விட்டதும், தூள் முழுக்க ஓரத்துக்கு ஓடியது. விலை வழமையான போத்தலைவிட மூன்று மடங்கு. வாங்கலாமா? பிள்ளையின் பால் போத்தலில் கிருமி ஒட்டாதா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: அடுத்தமுறை வந்தால், உங்கள் சிங்க் ஓரத்தில் இருக்கும் மலிவுப் போத்தலிலிருந்தும் ஒரு சொட்டு விட்டுக் காட்டச் சொல்லுங்கள். மிளகுத்தூள் அதற்கும் அதே ஓட்டம் ஓடும். நீரின் மேற்பரப்பைத் தோல்போல் இழுத்துப் பிடிக்கும் மேற்பரப்பிழுவிசையை எந்தச் சவர்க்காரமும் குறைக்கும். அதைச் செய்தது பற்றீரியாவா தொழிற்சாலையா என்று மிளகுக்குத் தெரியாது.

அதற்காக இப்படியொரு பொருளே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். மண்ணில் வாழும் சில பற்றீரியாக்கள், எண்ணெயைச் சிறு துளிகளாக உடைக்கும் பொருள்களைச் சுரக்கின்றன. சூடோமோனாஸ் இனத்தில் சில சுரப்பது ரம்னோலிப்பிட். பசிலஸ் சப்டிலிஸ் சுரப்பது சர்ஃபாக்டின். நீரின் மேற்பரப்பிழுவிசை மீற்றருக்கு 72 மில்லிநியூட்டன் அளவு. சர்ஃபாக்டின் கொஞ்சம் சேர்ந்தாலே அது 27 வரை இறங்கிவிடும். எண்ணெய் ஊறிய மண்ணைக் கழுவவும், பயிரில் வரும் பூஞ்சண நோய்க்கு மருந்தாகவும் இவை பயன்படுகின்றன. ரம்னோலிப்பிட் சேர்த்த பாத்திரத் திரவம் 2019இல் சிலி நாட்டில் கடைக்கு வந்தது. 2024இல் எவோனிக் என்ற ஜேர்மன் இரசாயன நிறுவனம் ஸ்லோவாக்கியாவில் ரம்னோலிப்பிட்டுக்கென்றே ஓர் ஆலை திறந்தது.

விலை கூடுவதற்கும் காரணம் உண்டு. தொட்டியில் பற்றீரியா வளரக் காற்று ஊத வேண்டும். ஊதினால் நுரை பொங்கி வழியும். பிறகு அந்தக் கலவையிலிருந்து பொருளைப் பிரித்துச் சுத்தமாக்குவது இன்னொரு செலவு.

சரி, உங்கள் போத்தலில் அது இருக்கிறதா? முன்பக்கத்து இலைப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் பாருங்கள். சேர்மானப் பட்டியலில் ரம்னோலிப்பிட்ஸ், கிளைகோலிப்பிட்ஸ், சோடியம் சர்ஃபாக்டின் என்று ஏதாவது இருக்க வேண்டும். வழமையான சவர்க்காரப் பொருளான சோடியம் லோரெத் சல்பேட் முதலில் வந்து இவை கடைசியில் ஒட்டிக்கொண்டிருந்தால், நீங்கள் காசு கொடுப்பது பெயருக்குத்தான். டெசில் குளுக்கோசைட் என்றிருந்தால் அது தாவரச் சர்க்கரையிலிருந்து இரசாயன முறையில் செய்தது. மோசமான பொருளல்ல, ஆனால் பற்றீரியாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பட்டியலே இல்லையென்றால் வாங்காதீர்கள்.

கிருமிப் பயம் நியாயமானதுதான். ரம்னோலிப்பிட்டுக்குப் பேர்போன சூடோமோனாஸ் ஏருஜினோசா நோய் தரக்கூடியது. அதனால்தான் எவோனிக் போன்றவர்கள் அதன் சாதுவான உறவான சூடோமோனாஸ் பியூட்டிடாவை வைத்துச் செய்கிறார்கள். போத்தலுக்குள் வருவது பற்றீரியா அல்ல, அது சுரந்ததைப் பிரித்தெடுத்தது. பால் போத்தலை எதனால் கழுவினாலும் நன்றாக அலசி, வழமைபோல் கொதிநீரில் போடுங்கள்.

வாங்கினால் பற்றுச்சீட்டு கேளுங்கள். வீடு வீடாக விற்பவர்கள் இதில்தான் நழுவுவார்கள். சொன்னது பொய்யென்று தெரிந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து முறையிட அந்தத் துண்டுதான் கைகொடுக்கும்.

கேள்வி: எங்கள் சாப்பாட்டுக் கடையின் கழிவுநீர்க் குழாய் எண்ணெயால் அடிக்கடி அடைபடுகிறது. பற்றீரியாத் தூள் போட்டால் கொழுப்புத் தொட்டியை அள்ளவே தேவையில்லை என்கிறார்களே?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: தேவை. இது வேறு சரக்கு. இதில் இருப்பது உயிருள்ள பற்றீரியா. பெரும்பாலும் பசிலஸ் வித்திகள், அதாவது உறங்கு நிலையில் இருக்கும் பற்றீரியா. அவை முளைத்து, நொதியம் விட்டுக் கொழுப்பை மெதுவாகத் தின்னும். கொத்துரொட்டிக் கல்லிலிருந்து ஓர் இரவில் இறங்கும் எண்ணெய்க்கு அந்த வேகம் காணாது. காலையில் பிளீச்சும் கொதிநீரும் ஊற்றுகிறவர் என்றால் முளைத்ததையும் நீங்களே கொன்றுவிடுகிறீர்கள். எண்ணெயைக் கரைத்து மட்டும் அனுப்பும் திரவங்களை ஊற்றினால் அது தொட்டியைத் தாண்டிப் போய்க் கானில் உறையும். அப்புறம் பக்கத்துக் கடைக்காரர் உங்களோடு சண்டைக்கு வருவார். மூடியைத் திறந்து, மேலே மிதக்கும் படையை அள்ளிய பிறகு, இரவு கடை பூட்டும்போது தூளைப் போடுங்கள்.