சுவிட்ச் செத்தால் விமானம் என்ன ஆகும்?
வாசகர் கேள்வி–பதில்: மாதிரி விமானத்துக்கு மின் சுவிட்ச்

கேள்வி: சாதாரண சர்வோ (இறக்கை, வால் மடல்களை அசைக்கும் சிறு மோட்டார்) ஐந்து பொருத்திய பயிற்சி விமானம், நான்கு செல் நிக்கல் பேட்டரி. ரிசீவரோடு (கையிலிருக்கும் டிரான்ஸ்மிட்டரின் கட்டளையை விமானத்தில் வாங்கும் பெட்டி) வந்த ஸ்லைடு சுவிட்சைத்தான் போட்டிருக்கிறேன். மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: சுவிட்ச் புதிதாகவும் நல்லதாகவும் இருந்தால் உடனே மாற்ற வேண்டியதில்லை. ஆனால் கணக்கைப் பார்த்துவிடுங்கள். சாதாரண சர்வோ அசையும்போது 200 முதல் 300 மில்லி ஆம்பியர் இழுக்கும். முட்டி நின்றுவிட்டால் 800க்கும் மேல். ஐந்தும் ஒரே நேரத்தில் பாடுபட்டால் 4 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளலாம். புது சுவிட்சுக்குள் உலோக முனைகள் தொடும் இடத்தின் தடை, அதாவது தொடுமுனைத் தடை, 10, 20 மில்லி ஓம்தான். எஞ்சின் எண்ணெயும் தூசியும் உள்ளே இறங்கி, அதிர்வில் முலாம் தேய்ந்தபின் அது 100 மில்லி ஓம் ஆகிவிட்டால், 4 ஆம்பியரில் 0.4 வோல்ட் சுவிட்சிலேயே போய்விடும். 4.8 வோல்ட் பேட்டரி ஏற்கெனவே சுமையில் 4.3க்கு இறங்கியிருக்க, ரிசீவருக்குக் கிடைப்பது 3.9. ரிசீவர் நின்றுபோகும் விளிம்பில் நிற்கிறீர்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து, அதிர்வில் தொடுமுனை கண நேரம் விட்டுவிட்டுப் பிடிப்பது. பழைய 72 மெகாஹெர்ட்ஸ் ரிசீவர் இருந்த காலத்தில் விமானம் ஒரு குலுக்கு குலுக்கிவிட்டுத் தொடர்ந்து பறக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவருக்குள் இருப்பது ஒரு சிறு கணினி. மின்சாரம் அறுந்தால் முதலிலிருந்து தொடங்கி, டிரான்ஸ்மிட்டரை மறுபடி பிடிக்க வேண்டும். அதற்குள் தரை வந்துவிடலாம். ரிசீவரின் காலி சேனலில் 4,700 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் (கொஞ்சம் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் உறுப்பு) செருகினால் போதும் என்று சிலர் நம்புகிறார்கள். 1 ஆம்பியர் சுமையில் அது 6 வோல்ட்டிலிருந்து 4 வோல்ட்டுக்கு இறங்க ஏறத்தாழ 9 மில்லி விநாடிதான் ஆகும். சின்னச் சிணுங்கலுக்கு மருந்து. தேய்ந்த சுவிட்சுக்கு அல்ல.

பொருத்துவதிலும் ஒரு தப்பு அடிக்கடி நடக்கிறது. உடல் பலகையில் வெட்டும் துளை நீளம் போதாமல், குமிழ் ஆன் பக்கம் முழுதாகப் போகாது. பார்த்தால் ஆன், உள்ளே பாதிதான் தொட்டிருக்கும். "டக்" என்று உட்காருகிறதா பாருங்கள். சைலன்சர் இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் வையுங்கள். விமானத்தைத் தூக்கும் கை தவறுதலாக ஆஃப் செய்துவிடும் இடமும் வேண்டாம்.

கேள்வி: எலக்ட்ரானிக் சுவிட்ச் கெட்டாலும் ஆனிலேயே இருக்கும் என்கிறார்களே, அது எப்படி? எல்லாமே அப்படித்தானா?

பதில்: எல்லாம் அப்படி அல்ல, வாங்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வியே இதுதான். சுவிட்சின் மேல் அச்சிட்ட ஆம்பியரைவிட, அது கெடும்போது எந்தப் பக்கம் சாயும் என்பதுதான் முக்கியம்.

எலக்ட்ரானிக் சுவிட்சில் மின்னோட்டம் மாஸ்ஃபெட் என்ற டிரான்சிஸ்டர் வழியே போகிறது. அங்கே அசையும் தொடுமுனையே கிடையாது. வெளியே தெரியும் ஊசியோ பொத்தானோ வெறும் சைகை கொடுப்பதுதான். கெட்டாலும் ஆனில் நிற்கும் வகையில், ஊசியைச் செருகினால் சைகைச் சுற்று மூடி மாஸ்ஃபெட் அணைகிறது. உருவினால் திறந்து ஆன் ஆகிறது. ஆகவே பறக்கும்போது சைகைக் கம்பி அறுந்தாலும் கழன்றாலும் அதற்கு அர்த்தம் "ஆன்". வீட்டிலேயே சோதிக்கலாம்: ஆன் செய்துவிட்டு சைகைக் கம்பியைக் கழற்றுங்கள். சர்வோக்கள் தொடர்ந்து இயங்கினால் சரி. நின்றுவிட்டால் அந்தச் சுவிட்சை விமானத்தில் ஏற்ற வேண்டாம்.

மாஸ்ஃபெட்டே வெந்துபோனால் இந்தப் பாதுகாப்பு உதவாது. ரப்பர் நுரைக்குள் சுற்றி வைக்காமல் காற்றுப்படும்படி கட்டுங்கள். சுவிட்சோடு லீனியர் ரெகுலேட்டரும் (மிகுதி வோல்ட்டை வெப்பமாக்கிக் குறைப்பது) சேர்ந்திருந்தால் கூடுதல் கவனம் தேவை: முழு சார்ஜில் 8.4 வோல்ட் தரும் இரண்டு செல் லிபோ (லித்தியம் பாலிமர்) பேட்டரியை 6 வோல்ட்டாக்கி 5 ஆம்பியர் எடுத்தால், 12 வாட் வெப்பம் அந்தச் சின்னப் பெட்டிக்குள். இரண்டு செல் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியின் மின்னழுத்தம் 6.6 வோல்ட்தான், உங்கள் சர்வோக்கள் அதைத் தாங்குமானால் ரெகுலேட்டரையே தவிர்த்துவிடலாம்.

ஆஃப் நிலையிலும் இந்தச் சுவிட்ச் மைக்ரோ ஆம்பியர் கணக்கில் மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும். ஒரு வாரத்தில் ஒன்றும் தெரியாது. மாதக்கணக்கில் அப்படியே விட்டால் லிபோ செத்துப்போகும். பறந்து முடிந்ததும் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.

கேள்வி: இருக்கிற சுவிட்ச் நல்லதா என்று மல்டிமீட்டரில் பார்த்தேன். 0.2 ஓம் காட்டுகிறது. தூக்கிப் போடலாமா?

பதில்: பொறுங்கள். அந்த 0.2 பெரும்பாலும் மீட்டர் கம்பிகளின் தடைதான். முனைகள் இரண்டையும் ஒன்றோடொன்று தொட்டாலே அவ்வளவு காட்டும். சுமை கொடுத்து அளக்க வேண்டும். 5 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் இரண்டை இணையாகக் கட்டினால் 2.5 ஓம், 6 வோல்ட் பேட்டரியில் 2.4 ஆம்பியர் ஓடும். பேட்டரி, சுவிட்ச், ரெசிஸ்டர் என்று வரிசையாக மாட்டி, மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, சுவிட்சின் பேட்டரிப் பக்க பிளக்கின் பாசிட்டிவுக்கும் ரிசீவர் பக்க பிளக்கின் பாசிட்டிவுக்கும் நடுவே அளவெடுங்கள். ரெசிஸ்டர் சூடேறும், தொடாதீர்கள். அரை நிமிடத்தில் முடித்துவிடுங்கள்.

கம்பியும் பிளக்கும் சேர்ந்து 100 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 200ஐத் தாண்டினால் மாற்றுங்கள். அளக்கும்போதே குமிழை லேசாக ஆட்டி, கம்பியை வளைத்து, சுவிட்சை விரலால் தட்டிப் பாருங்கள். எண் துள்ளினால், அளவு எவ்வளவு குறைவாக இருந்தாலும் அது குப்பைக்குத்தான். ஸ்பிரே அடித்து உயிர்ப்பிக்கப் பார்க்காதீர்கள். தேய்ந்த முலாம் ஸ்பிரேயில் திரும்பாது.

அளவு அதிகமாகக் காட்டினால் கம்பியையும் சந்தேகியுங்கள். 22 கேஜ் கம்பி 30 சென்டிமீட்டருக்கு 16 மில்லி ஓம். இந்தச் சோதனையில் அதுமட்டுமே 38 மில்லிவோல்ட் எடுத்துக்கொள்ளும். நெகட்டிவ் கம்பியிலும் அதே இழப்பு உண்டு.

கேள்வி: ஆறு செல் லிபோவில் ஓடும் எலக்ட்ரிக் விமானம். பேட்டரி லைனிலேயே ஒரு பெரிய சுவிட்ச் போட்டால் என்ன?

பதில்: வேண்டாம். 80 ஆம்பியர் போகும் பாதையில் சாதாரண சுவிட்ச் நிற்காது. மாட்டும் கணத்தில், மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்பீடு கன்ட்ரோலரின் கெப்பாசிட்டர்கள் இழுக்கும் மின்னோட்டம் தொடுமுனையைப் பொறிபறக்கச் சுட்டுவிடும். அதற்குப் பதில், வெளியிலிருந்து செருகினால் மட்டும் மோட்டார் பேட்டரியின் இணைப்பு மூடும் ஆர்மிங் பிளக் வையுங்கள். எக்ஸ்டி90-எஸ் போன்ற பிளக்குகளில் பொறியை அடக்க 5.6 ஓம் ரெசிஸ்டர் உள்ளேயே இருக்கிறது.

கன்ட்ரோலரின் பி.இ.சி. லைனில் (மோட்டார் பேட்டரியிலிருந்தே ரிசீவருக்கு மின்சாரம் தரும் பாதை) இருக்கும் குட்டி சுவிட்ச் அணைப்பது ரிசீவரை மட்டும்தான். மோட்டார் பக்கம் பேட்டரி இன்னும் மாட்டியே இருக்கிறது. "ஆஃப் செய்தாச்சு" என்று ப்ரொப்பெல்லருக்கு முன்னால் கையை நீட்டாதீர்கள்.

கேள்வி: பெட்ரோல் எஞ்சின் இக்னிஷனுக்கும் (தீப்பொறி தரும் சுற்று) அதே கெட்டாலும் ஆனில் நிற்கும் சுவிட்ச் போடலாமா?

பதில்: கூடாது. அங்கே நேர் எதிர்: கெட்டால் ஆஃப் ஆக வேண்டும். எஞ்சின் நின்றால் சறுக்கி இறக்கிவிடலாம்; நிறுத்த முடியாத எஞ்சினை என்ன செய்வீர்கள்? தனி பேட்டரி, தனி சுவிட்ச், ரிசீவரிலிருந்து முடிந்தவரை தள்ளி.